காற்றைப் படிக்கும் பிள்ளைகள்

மட்டக்களப்பு நாட்டின் நில அமைப்பை அறியாத அன்பர்களுக்கு முதற்கண் ஒன்று சொல்லிவிட வேண்டும். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் எங்கள் வாவி, நாட்டை இரண்டு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரை வயலும் காடும் விரிந்த நிலம். எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பட்டி. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை செல்லும் பெருவழியில், செட்டிபாளையத்தைக் கடந்து களுதாவளையை அடையுமுன் வருவது எங்கள் தேற்றாத்தீவு. கிழக்கே நடந்தால் கடல். மேற்கே நடந்தால் வாவி. இரண்டு நீருக்கும் நடுவில் பிறந்து, நடந்து, பள்ளிக்குச் சென்று, முதுமை எய்தியவர்கள் நாங்கள்.

இத்தகைய ஊரிலே காற்றுக்குப் பெயர் இல்லாமல் இருக்குமா? தென்மேற்கிலிருந்து நிலத்தைக் காய்ச்சிக்கொண்டு வருவது கச்சான். கடற்புறத்திலிருந்து குளிர்ந்து வருவது கொண்டல். மாரி மழையைச் சுமந்து வடக்கிலிருந்து வருவது வாடை. இவற்றைப் பாடநூலிற் படித்து அறிந்த பிள்ளை எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை. முகத்திற் படும் வெப்பத்தாலும் தென்னோலையின் சாய்வாலும் தெரிந்துகொண்டதே அந்த அறிவு.

ஆயினும் ஒரு வினா பல காலமாக என் மனத்தை விட்டு அகலாதிருக்கிறது. காற்றின் பெயரை அறிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். காற்றைக் கையாளக் கற்ற பிள்ளைகளோ வேறெங்கோ இருக்கிறார்கள். ஒருவரே ஏறிச் செலுத்தும் சிறு பாய்ப்படகிலே பழகி, நாடு கடந்து சென்று, உலகத்துப் பிள்ளைகளோடு போட்டியிட்டு, பதக்கம் பெற்று மீள்கிறார்கள். அவர்களிற் சிலர் கடலையே காணாத ஊரிற் பிறந்தவர்கள் என்று அறியும்போது, எங்கள் வாவியை நோக்கி ஒரு பெருமூச்சு எழுவது இயல்பன்றோ? அந்தப் பெருமூச்சோடு நின்றுவிடாமல், அவர்கள் எவ்வாறு ஆயத்தமாகிறார்கள், நமக்கு இல்லாதது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு பலகையிற் பிறந்த படகு

பாய்ப்படகு விளையாட்டு என்றதும் செல்வரின் வெண்ணிற உல்லாசப் படகே பலர் கண்முன் தோன்றும். பிள்ளைகளின் படகு பிறந்த வரலாறு அதற்கு நேர்மாறானது. 1947 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கிளியர்வாட்டர் என்னும் கடற்கரை நகரிலே, எளிய குடும்பத்துச் சிறுவரும் தம் கையாற் செய்து ஓட்டக்கூடிய ஒரு படகு வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. செலவு ஐம்பது டொலருக்கு மேற்போகக் கூடாது. எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள ஒட்டுப்பலகை இரண்டுக்குள் எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கிளார்க் மில்ஸ் என்னும் படகு கட்டுவோர் அந்த நிபந்தனைக்கு உட்பட்டு ஒரு படகு வரைந்தார். பலகையின் நீளம் எட்டடியோடு முடிந்துபோனமையால், கூரிய முகப்புக்கு இடமில்லாமற் போயிற்று. அவர் முகப்பை மட்டமாகவே வெட்டிவிட்டார். இன்றும் அந்தப் படகு மூக்கற்ற ஒரு பெட்டியைப் போலத்தான் தோற்றமளிக்கிறது. ஊக்கமளித்த சங்கத்தின் பெயரால் அதற்கு ஒப்டிமிஸ்ட் என்று பெயர். நன்மையே வரும் என்று நம்புகிறவன் என்பது அச்சொல்லின் பொருள்.

ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், உடற்பகுதியின் எடை 35 கிலோகிராம், ஒரே பாய், ஒரே பிள்ளை. பதினைந்து வயதுவரையே இதிற் போட்டியிடலாம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்தப் பெட்டிப் படகிலேதான் பிள்ளைகள் காற்றின் அரிச்சுவடியைக் கற்கிறார்கள். உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஐந்து பிள்ளைகளே செல்லலாம். பெரிய நாடாயினும் சிறிய தீவாயினும் அந்த எண்ணிக்கையில் மாற்றமில்லை.

இதனைக் கடந்து வளர்ந்த இளைஞர் ஏறுவது, புரூஸ் கேர்பி என்னும் கனடா நாட்டவர் வரைந்து 1971 ஆம் ஆண்டளவில் புழக்கத்துக்கு வந்த லேசர் படகு. இன்று போட்டிகளில் அதற்கு இல்கா என்று பெயர். நான்கேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. இதிற் காணும் சிறப்பு யாதெனில், உடல் ஒன்றே, பாய்தான் மூன்று அளவு. இளம்பிள்ளைகளுக்கு 4.7 சதுர மீட்டர்ப் பாய். வளர்ந்த மகளிருக்கு 5.76, ஆடவருக்கு 7.06. பிள்ளை வளர வளரப் பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினாற் போதும்; படகை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் வீடுகளிலே அண்ணனின் சட்டையை மடித்துத் தைத்துத் தம்பிக்கு உடுத்தும் வழக்கத்தை இது எனக்கு நினைவூட்டும்.

ஏரியில் உருவான வெள்ளி

இனி, உண்மையில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். இந்தியாவின் மத்தியப் பிரதேசம் நான்கு புறமும் நிலத்தாற் சூழப்பட்ட மாநிலம். அதன் தலைநகரான போபாலிலே, பதினோராம் நூற்றாண்டில் போச மன்னன் அமைத்ததாகக் கூறப்படும் மேலேரி இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 31 சதுர கிலோமீட்டர். அங்கிருந்து கடலைக் காண நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்த ஏரிக்கரையிலே தேசியப் பாய்ப்படகுப் பள்ளி ஒன்று நடைபெறுகிறது.

தேவாஸ் மாவட்டத்துச் சிற்றூரொன்றிலே உழவர் குடும்பத்திற் பிறந்த நேஹா தாக்கூர் என்னும் சிறுமி அப்பள்ளியிற் சேர்ந்து பயின்றாள். 2022 ஆம் ஆண்டு அபுதாபியில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றாள். மறு ஆண்டு, 2023 செப்ரெம்பரில், சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவையொட்டி நிங்போ கடலில் நடந்த போட்டியிலே, சிறுமியருக்கான இல்கா 4 பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றாள். அப்போது அவளுக்கு வயது பதினேழு.

மொத்தம் பதினோர் ஓட்டங்கள். இந்த விளையாட்டிலே புள்ளி குறைந்தவரே மேலானவர். முதலாவதாக வந்தால் ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தால் இரண்டு, இவ்வாறே ஏறிச் செல்லும். அவள் பெற்றவை 32 புள்ளிகள். மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. அவளுடைய மிக மோசமான ஓட்டம் ஐந்தாம் இடம்! அதைக் கழிக்க 27 நின்றது. பதினோர் ஓட்டத்திலும் ஐந்தாம் இடத்துக்குக் கீழே இறங்காத அந்த நிதானத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் மின்னி மறுநாள் மங்குகிறவர்க்கு இந்த விளையாட்டில் இடமில்லை.

ஆயத்தம் என்பது யாது?

ஓர் இளைஞர் அணி வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லுமுன் எவற்றைக் கற்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, எதிர்க்காற்றில் ஏறுதல். காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் செல்லாது. ஆனால் அதற்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சரிவாகச் செல்லும். பறவையின் இறகு போல வளைந்து நிற்கும் பாய் படகை முன்னும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. படகின் நடுவே நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை பக்கவாட்டுப் போக்கைத் தடுக்கிறது. முன்னோக்கிய போக்கு எஞ்சுகிறது. சிறிது தூரம் வலப்புறம் சாய்ந்து சென்று, பின் திரும்பி இடப்புறம் சாய்ந்து சென்று, மலைப்பாதையிலே வண்டி ஏறுவதுபோல வளைந்து வளைந்து ஏறி, காற்று புறப்பட்ட இடத்தையே சென்றடையலாம். வகுப்பறையிற் கரும்பலகையில் அம்புக்குறி வரைந்து விசையைப் பிரித்துக் காட்டும் கணிதம் இங்கே பிள்ளையின் கையிலும் கயிற்றிலும் உயிர் பெறுகிறது.

இரண்டாவது, காற்றைப் படித்தல். காற்று ஒரே நிலையில் வீசுவதில்லை. பத்துப் பாகை இப்புறம், பத்துப் பாகை அப்புறம் என்று அலைந்துகொண்டே இருக்கும். நீரின் மேற்பரப்பிற் கருமையாக ஓடிவரும் சிற்றலைகளைத் தூரத்திலேயே கண்டு, இன்னும் எத்தனை நொடியில் அது தன்னை வந்தடையும் என்று கணிக்க வேண்டும். ஏரியிலே பயின்றவர்க்குக் கடலின் நெடிய அலையும் நீரோட்டமும் புதியவை. ஆதலின், போட்டிக்குச் சில நாட்களின் முன்பே அந்நீருக்குச் சென்று, எந்த நேரத்தில் எந்தக் காற்று எழுகிறது என்று குறிப்பெடுப்பது நல்ல அணிகளின் வழக்கம்.

மூன்றாவது, புறப்பாடு. ஓட்டப் பந்தயத்திலே எல்லோரும் கோட்டின் பின் அசையாது நிற்கலாம். நீரின் மேல் நிற்பது எங்ஙனம்? ஐந்து நிமிடத்துக்கு முன் ஓர் ஒலியும் கொடியும், நான்கு நிமிடத்துக்கு முன் மற்றொன்று, ஒரு நிமிடத்துக்கு முன் இன்னொன்று, பின்னர் புறப்பாடு. அந்த ஐந்து நிமிடமும் அலைந்துகொண்டே இருந்து, கடைசி நொடியில் முழு வேகத்தோடு கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாற் குற்றம். ஒரு நொடி பிந்தினால் மற்றவர் பாய் மறைத்த காற்றில்லா நீரிலே தத்தளிக்க வேண்டும்.

நான்காவதே எனக்கு மிக வியப்பைத் தந்தது. இந்தப் போட்டிகளிற் படகுக்கு ஒரு நடுவர் கூடவே வருவதில்லை. வலப்புறமிருந்து காற்றை வாங்கிச் செல்லும் படகுக்கு, இடப்புறமிருந்து காற்றை வாங்குவது வழி விட வேண்டும் என்பது போன்ற விதிகள் பல. ஒருவன் விதியை மீறிவிட்டால், யாரும் சொல்லாமலே அவன் தானாக ஒதுங்கி இரண்டு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடர வேண்டும். அதனால் அவன் பல இடம் பின்தங்கலாம். ஆயினும் தவற்றை உணர்ந்தவன் தானே தண்டனையை ஏற்றல் என்பதே இவ்விளையாட்டின் அடிப்படை அறம். கருத்து வேறுபட்டால் கரைக்கு வந்து நடுவர் குழுவின் முன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையாயினும் அவ்வாறே. சோதனை மண்டபத்திலே கண்காணிப்பாளர் திரும்பி நின்றால் என்ன நடக்கும் என்பதை அறிந்த ஆசிரியர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னையும் ஐதராபாத்தும்

தமிழ் கூறும் நல்லுலகத்துக்கு இது அயலானதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, வல்வை மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை நம்மவர் நன்கறிவர். அது வணிகக் கப்பலின் வீரம். விளையாட்டுப் படகின் வீரம் அண்மைக் காலத்தது.

சென்னைத் துறைமுகத்துக்குள்ளே, துறைமுகத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரின் முயற்சியால் 1911 ஆம் ஆண்டு ஒரு பாய்ப்படகுக் கழகம் தோன்றியது. நெடுங்காலம் அது வெள்ளையர் மாலைப்பொழுது போக்கும் இடமாயிருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் அத்துறைமுகத்திலேயே பிள்ளைகளைப் பயிற்றத் தொடங்கியது. 2009 ஆம் ஆண்டளவில் அச்சங்கம் நடத்திய கோடைக்காலப் பயிற்சிக்கு விளையாட்டாகச் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிதான் நேத்ரா குமணன். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியின் வழியாக, பாய்ப்படகில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். டோக்கியோவில் அவருக்குக் கிடைத்தது முப்பத்தைந்தாம் இடம். 2024 இற் பாரிஸ் போட்டியில் இருபத்தொன்றாம் இடம். பதக்கம் இல்லை. ஆனால் மூன்றாண்டில் பதினான்கு படி ஏறிய அந்த ஏற்றம் சாதாரணமானதா?

வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் டோக்கியோவில் இருபதாம் இடத்தையும், பாரிசிற் பதினெட்டாம் இடத்தையும், ஹாங்சோ ஆசிய விழாவில் வெண்கலத்தையும் பெற்றவர். சென்னையைச் சேர்ந்த கணபதியும் வருண் தக்கரும் இருவர் செலுத்தும் படகிலே 2018 ஆசிய விழாவில் வெண்கலம் வென்று, டோக்கியோவுக்கும் சென்றனர். டோக்கியோவில் இந்தியாவின் பாய்ப்படகு அணியினர் நால்வர். அந்நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இவையெல்லாம் வசதி படைத்தவர்க்கு அல்லவோ என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. படகு, பாய், பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றின் செலவு ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கே மலை போன்றது. மீனவர் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் ஐதராபாத்திலுள்ள உசேன் சாகர் ஏரியிலே, 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒரு கழகம் அரசுப் பள்ளிகளிற் பயிலும் ஏழைப் பிள்ளைகளைத் தேடி எடுத்துப் படகில் ஏற்றியது. அங்கே உருவான பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் முன்னணிக்கு வந்து, நாட்டின் சார்பாக வெளியேயும் சென்றனர். போபாலில் அரசு செய்ததை ஐதராபாத்தில் ஒரு கழகம் செய்தது. பிள்ளையின் தந்தை செய்ய இயலாததை ஊர் செய்யலாம் என்பதற்கு இவை இரண்டும் சான்று.

நம் நாட்டிலும் வழிகாட்டி இல்லாமலில்லை. பொறியியலாளரும் விமானியுமான ரே விஜேவர்த்தன 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தனியாள் பாய்ப்படகிலே போட்டியிட்டார். 1970 இல் பாங்கொக் ஆசிய விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மேல்மாகாணத்திலே பொல்கொட வாவியில் இன்றும் பாய்ப்படகுகள் ஓடுகின்றன. மேற்குக் கரையின் வாவியிற் பாய் விரிகிறது. கிழக்குக் கரையிலே, போபால் ஏரியைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடைய எங்கள் வாவியிலே, தேற்றாத்தீவுக் கரையில் நின்று பார்க்கும் என் கண்ணுக்குப் பிள்ளைகளின் பாய் ஒன்றும் தென்பட்டதில்லை.

அச்சத்தின் வரலாறு

இதற்குக் காரணம் வறுமை மாத்திரமன்று. எங்கள் மக்கள் நீரை அஞ்சக் கற்றுக்கொண்டவர்கள். 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியிலே தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வாவி ஓர் எல்லையாயிற்று. அக்கரை செல்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அக்கரையிலிருந்து வரும் தோணியை ஐயத்தோடு நோக்கினோம். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலையிலே கடல் எழுந்து வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நீரின் பக்கம் போகாதே என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்தார்கள்.

எங்கள் ஊரிலே வாவியில் வலைவீசி வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் இந்தப் படகுப் பேச்சை நான் எடுத்தேன். அவர் தயங்காமற் சொன்னார்:

“தண்ணியத் தெரிஞ்ச புள்ளயத் தண்ணி ஒண்டும் செய்யாது மாஸ்டர். தெரியாத புள்ளயத்தான் அது இழுத்துப் போகும்.”

வாயிற்படியில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவருடைய மகள் தலை நிமிராமலே கேட்டாள்:

“எங்கட பெரியண்ணனுக்குத் தண்ணி தெரியாமலா இருந்த, அப்பா?”

முதியவர் அதற்கு விடை கூறவில்லை. நானும் கூறவில்லை. விடை கூறக்கூடிய கேள்வியாக அது இருக்கவில்லை.

அன்று முதல், பாய்ப்படகைப் பற்றி யாரேனும் உற்சாகமாகப் பேசும்போது அப்பெண்ணின் குரலே என் செவியில் முந்தி ஒலிக்கிறது. பதக்கத்தைக் காட்டி அந்தத் தாயை இணங்க வைக்க முடியாது. இணங்க வைக்க முயல்வதும் தகாது. அவளுக்கு நாம் காட்ட வேண்டியது வேறு. நல்ல பயிற்சிப் பள்ளியில் நீந்தத் தெரியாத பிள்ளை படகில் ஏறுவதில்லை. மிதவைச் சட்டை அணியாமல் ஒருவரும் நீரில் இறங்குவதில்லை. படகைக் கவிழ்த்து, அதன் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, மீண்டும் நிமிர்த்துவதே தொடக்கப் பாடங்களில் ஒன்று. கவிழ்தல் அங்கே விபத்தன்று, பாடம். இயந்திரப் படகொன்று எப்போதும் பிள்ளைகளின் அருகே நிற்கும். அது பழுதுபட்டால் அன்று வகுப்பு இல்லை. வாழ்வுக்காக இரவிலே தனியே வலை வீசச் சென்ற மகனுக்கு இவற்றுள் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் நம் ஊரின் துயரம்.

இவ்விளையாட்டின் உலகிலே போற்றப்படும் பெயர்களில் ஒன்று, பதக்கம் வென்றவருடையதன்று என்பதையும் அத்தாய்க்குச் சொல்லலாம். 1988 ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. கனடாவின் லோறன்ஸ் லெமியூ தம் ஓட்டத்திலே இரண்டாம் இடத்திற் சென்றுகொண்டிருந்தார். வேறொரு போட்டியிலிருந்த சிங்கப்பூர் வீரர் இருவர் படகு கவிழ்ந்து கொந்தளிக்கும் நீரிலே தத்தளிப்பதைக் கண்டார். தம் வழியை விட்டுத் திரும்பி, இருவரையும் காப்பாற்றி, காவற்படகிடம் ஒப்படைத்த பின்னரே ஓட்டத்தைத் தொடர்ந்தார். வெகு பின்னே வந்து சேர்ந்த அவருக்கு, நடுவர் குழு அந்த ஓட்டத்தின் இரண்டாம் இடத்தையே வழங்கியது. கூபெர்த்தான் பெயரிலான சிறப்புப் பதக்கமும் அவரைச் சேர்ந்தது. நீரைக் கற்றவன் முதலிற் கற்பது நீரிற் கிடப்பவனைக் கைவிடலாகாது என்பதையே.

நம்மால் ஆவது

அங்ஙனமாயின் நாம் எங்கே தொடங்குவது? படகை வாங்கித் தொடங்க வேண்டாம் என்பேன். காற்றிலிருந்து தொடங்கலாம்.

வாவிக்கரைப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு காற்றுக் குறிப்பேடு வைத்திருக்கட்டும். காலை, நண்பகல், மாலை என்னும் மூன்று வேளையும் காற்றின் திசையையும் வலிமையையும் மாணாக்கர் எழுதி வரட்டும். கச்சான் எந்தக் கிழமையில் எழுந்தது, அதனைக் கொண்டல் எத்தனை மணிக்குத் தள்ளிக்கொண்டு புகுந்தது, இரண்டும் சந்திக்கும் வேளையில் நீர் எவ்வாறு அசையாது கிடந்தது என்று எழுதட்டும். ஓராண்டில் அவ்வேடு, எந்தப் பயிற்சியாளரும் பொன்னேபோற் போற்றும் நூலாகும். முதியவர்களின் காற்றறிவு அவர்களோடு மறைந்துவிடாமல் எழுத்தில் ஏறும். அறிவியல் ஆசிரியர்க்கும் தமிழ் ஆசிரியர்க்கும் ஒருங்கே உரிய பணி இது.

அடுத்தது நீச்சல். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரிலே நீந்தத் தெரியாத பிள்ளை இருக்கலாகாது. படகு வந்தாலும் வராவிட்டாலும் இது வீணாகாத கல்வி.

அதன்பின் ஒரே ஒரு படகு. ஒரு பாடசாலைக்கு ஒன்று என்று கூட வேண்டாம். நான்கு ஊர்களுக்கு ஒன்று போதும். வாவியின் பெரும்பகுதி ஆழங்குறைந்தது, கடலலை புகாதது, தொடக்கக்காரர்க்கு ஏற்றது. ஆனால் அது வெற்று நீரன்று, உழைப்பவரின் வயல். எங்கே வலை கட்டியிருக்கிறது, எங்கே இறால் பிடிக்கிறார்கள், எந்தக் கண்டற்கரையில் மீன் குஞ்சு பொரிக்கிறது என்று அறிந்தவர் மீனவர். அவர்களைக் கேளாமல் அமைக்கும் பயிற்சி அவர்களுக்குப் பகையாகும். அவர்களையே ஆசான்களாகக் கொண்டால் உறவாகும். மாரிவெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டுண்டு நீர் கடலை நோக்கி இழுக்கும் காலத்திலே படகைக் கரையேற்றி வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள்.

இவ்வளவும் செய்தால் எங்கள் பிள்ளை உலகப் போட்டிக்குச் செல்லுமா? உறுதி கூறேன். ஐந்து பேர் கொண்ட அணியில் ஓரிடம் கிடைப்பதற்குப் பல ஆண்டும் பலர் உழைப்பும் வேண்டும். ஆனால் பதினாறு வயதிலே தனியொரு படகை எதிர்க்காற்றில் ஏற்றிக் கரை சேர்த்த பிள்ளை, தன் தவற்றுக்குத் தானே இரண்டு சுற்றுச் சுற்றிய பிள்ளை, பின்னர் எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் அந்தப் பயிற்சி அதனை விட்டு நீங்காது. அதுவே இக்கல்வியின் முதற் பயன்; பதக்கம் அதன் பின்னரே.

நீரை இவ்வாறு நுணுகி நோக்கும் மரபு மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. நிலவு காயும் இரவிலே கல்லடிப் பாலத்தின் கீழ்த் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையிற் காதைப் பொருத்தி, மீன் பாடும் ஓசையைக் கேட்டவர்கள் நம் முன்னோர். அந்த ஓசையை நீரரமகளிரின் இசையாகப் பாடிய விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் இசையை நாடிச் சென்று, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். ஒரு தலைமுறை வாவியின் இசையைக் கேட்டது. அடுத்த தலைமுறை அதன் காற்றைப் படிக்கட்டுமே!

எங்கள் ஊரின் பெயரிலே ஒரு மரம் நிற்கிறது. தேற்றாமரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். கலித்தொகைப் புலவனும் அறிந்திருந்த செய்தி அது. கொட்டை மிகச் சிறியது, பானை பெரியது. ஊற்றியவுடன் தெளியாது, ஆட்டாமல் அசைக்காமற் காத்திருக்க வேண்டும். அச்சத்தாலும் இழப்பாலும் கலங்கிக் கிடக்கும் எங்கள் நீருக்கு எட்டடிப் படகொன்று அத்தகைய கொட்டையாகலாம். உரைப்பதற்குக் கைகள் வேண்டும். அவை ஆசிரியர்களின் கைகளாயிருப்பின் நன்று.